பேர் வெட்டாத டப்பா

பையன் கோயமுத்தூரில் இருக்கிறான் என்றதும், பார்த்துவிட்டு வருகிறீர்களா என்று சிங்காநல்லூரில் ஏறும்போது கேட்டீர்கள். என்ன பதில் சொல்வது என்று சூலூர் வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். பார்த்தேன் என்றும் சொல்லலாம், பார்க்கவில்லை என்றும் சொல்லலாம். ரோட்டுக்கு இந்தப் பக்கம் டீக்கடையில் நின்றுகொண்டு அந்தப் பக்கம் போகிறவனைப் பார்த்தால் அது பார்த்ததில் சேருமா? அவன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாது என்றுதான் தூண் மறைவில் நின்றேன். பெற்ற பிள்ளையைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிற அப்பனை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? இதோ, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்.

நீங்கள் குண்டடமா? சரி, அதுவரைக்கும் நேரம் இருக்கிறது. தூக்கம் வந்தால் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறேன். வீட்டில் பேச ஆள் கிடையாது. அதனால் பஸ்ஸில் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறேன். முன்னெல்லாம் இப்படி இல்லை.

எனக்குத் தாராபுரத்தில் பாத்திரக்கடை. அப்பா வைத்தது, அவர் பேரில்தான் இன்னும் நடக்கிறது, பொன்னையன் பாத்திர மாளிகை. எவர்சில்வர், பித்தளை, கல்யாணச் சீர் எல்லாம் உண்டு. பாத்திரம் எந்தக் கடையிலும் கிடைக்கும். எங்கள் கடைக்கு ஆள் வருவது பேர் வெட்டுவதற்கு. நான்தான் வெட்டுவேன், வேலையாளிடம் விடமாட்டேன். அப்பா காலத்தில் உளியும் சுத்தியலும், இப்போது கரண்டில் ஓடுகிற பேனா. ஆனால் எழுத்து அதே எழுத்து. எங்கள் கடை எழுத்தைப் பந்தியில் அந்தக் கோடியில் இருந்து படிக்கலாம். பேர் இல்லாமல் ஒரு கரண்டிகூடக் கடையை விட்டு வெளியே போனது கிடையாது. எங்கள் பக்கம் அப்படித்தான், உங்களுக்குத் தெரியாததா? கோயிலில் ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால்கூட அதன்மேல் பேர் எழுதித்தான் மாட்டுவார்கள். பேர் பெரிதாக இருந்தால் வெளிச்சம் குறைகிறது என்று கேலி பேசுவார்கள். குறையட்டுமே. யார் கொடுத்தது என்றாவது தெரிகிறதே.

பையன் பேர் நவநீதன். ஒரே பையன். அவனுக்கு வந்தது குடி இல்லை, கஞ்சாவும் இல்லை. வலி மாத்திரை. பைக்கில் இருந்து விழுந்து தோள்பட்டை விலகிப்போயிற்று. ஆஸ்பத்திரியில் கொடுத்தது தீர்ந்ததும் சேக்காளி ஒருத்தன் வேறு ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறான். அபின் வகையைச் சேர்ந்ததாம் அது. வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. முதலில் விழுங்கினான், பிறகு ஊசி. சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கடையில் நிற்பான். நானும் என்னவோ மரியாதையாக உடுத்தக் கற்றுக்கொண்டான் என்று சந்தோஷப்பட்டேன்.

இதெல்லாம் எப்படித் தெரியவந்தது, வீட்டில் என்ன நடந்தது என்பதை விட்டுவிடுகிறேன். உங்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், ஊகித்துக்கொள்ளுங்கள். கடைசியில் எங்கள் ஊரிலேயே ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். சேர்த்தது என் சம்சாரம் வசந்தாமணி. நான் வாசலோடு நின்றுகொண்டேன். அங்கே ஷைலஜா என்று ஒரு டாக்டரம்மா. நாக்குக்கு அடியில் வைக்கிற மருந்து ஒன்று கொடுப்பார்கள், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நடந்த வேடிக்கையைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

வாரத்தில் இரண்டு தடவை போய் மூத்திரம் கொடுக்க வேண்டும். சோதித்துப் பார்ப்பார்கள். மாத்திரை போட்ட அடையாளம் இல்லை என்றால் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை முன்னால் வைப்பார்கள். அதில் சீட்டு மடித்துப் போட்டிருக்கும். கையை விட்டு எடுக்கலாம். பாதிச் சீட்டில் ‘சபாஷ்’ என்று மட்டும் இருக்கும். சிலதில் சோப்பு டப்பா, டம்ளர், துண்டு. எங்கேயோ ஒன்றில் குக்கர். தொடர்ந்து சுத்தமாக இருந்தால் எடுக்கிற சீட்டு கூடிக்கொண்டே போகும். நடுவில் தவறினால் மறுபடி ஒரே சீட்டில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் சிரித்தேன். மூத்திரம் பெய்ததற்குப் பரிசா என்றேன். நவநீதன் முதல் தடவை ஒரு சோப்பு டப்பாவோடு வந்தான். சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிளாஸ்டிக் டப்பா, மூடி சரியாக உட்காரவில்லை. எங்கள் கடையில் பத்துத் தினுசு இருக்கிறது. ஆனால் அவன் முகம் இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் அப்படி இருந்தது. அப்புறம் ஒரு டம்ளர் வந்தது. அப்புறம் ஒரு துண்டு. எல்லாவற்றையும் அவன் அறையில் ஓர் அலமாரித் தட்டில் வரிசையாக வைத்திருந்தான். யாரும் எடுத்துப் புழங்கக் கூடாதாம். வசந்தாமணி அந்தத் தட்டைத் துடைக்கும்போதுகூடச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதே வரிசையில் வைப்பாள்.

டாக்டரம்மா ஒருநாள் எனக்கு விளக்கிச் சொன்னார். "அண்ணா, மாத்திரை போட்டா அந்த நிமிஷமே சுகம். போடாம இருந்தா வர்ற நல்லது எப்ப வருது? எத்தனையோ காலம் கழிச்சு. அந்த மூளை அவ்வளவு நாள் காத்திருக்காது. அதனால இன்னிக்கே கையில ஒண்ணு குடுக்கறோம். சின்னதா இருந்தாலும் இன்னிக்கே." எனக்கு அது அப்போது புரிந்த மாதிரியும் இருந்தது, ஏமாற்று மாதிரியும் இருந்தது. நம்மை யார் இப்படிக் கிண்ணம் வைத்து வளர்த்தார்கள்?

நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் இதற்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்த வெளியூர் அறக்கட்டளை கையை விரித்தது. மருந்து எப்படியோ வந்துவிடும், சோப்பு டப்பாவுக்குக் கொடுக்கத்தான் எவனுக்கும் மனசு வராது. டாக்டரம்மா எங்கள் வியாபாரிகள் சங்கக் கூட்டத்துக்கு வந்து கேட்டார். எலெக்ட்ரிகல் கடை மயில்சாமி எழுந்து, "ஏனுங்க டாக்டரம்மா, நான் பொறந்ததுல இருந்து ஒரு மாத்திரையத் தொட்டதில்லீங்க. எனக்கு எத்தனை குக்கர் வருதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றான். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரிக்காமல் இருந்தால் சந்தேகப்படுவார்கள். என் பையன் அங்கே போவது சங்கத்தில் யாருக்கும் தெரியாது.

ஆனால் டாக்டரம்மா கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னார். கிண்ணம் இல்லை என்று தெரிந்தால் முதல் வாரமே சிலபேர் வராமல் நின்றுவிடுவார்கள் என்று. அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே வேறு எங்கோ பார்த்தார். எனக்கு அந்த அலமாரித் தட்டு ஞாபகம் வந்தது. எழுந்து நின்று, "அத்தனையும் என்ற கடையில இருந்து வருமுங்க" என்று சொல்லிவிட்டேன்.

நான் ஒன்றைச் செய்தால் அரைகுறையாகச் செய்ய மாட்டேன். நல்ல கனமான பாத்திரமாகப் பார்த்து எடுத்தேன். சாப்பாட்டுத் தட்டு, டிபன் தட்டு, டிபன் டப்பா, தூக்கு, குக்கர். ஒவ்வொன்றிலும் நானே உட்கார்ந்து பேர் வெட்டினேன். மேல் வரியில் ‘போதை மீட்புப் பரிசு’. கீழே ‘உபயம்: பொன்னையன் பாத்திர மாளிகை’. தட்டுகளுக்கு நடுவில், டப்பாவுக்கு மூடியில். என் பேரை எங்கேயும் போடவில்லை, கவனியுங்கள். எனக்கு அந்த ஆசை கிடையாது. அப்பா பேர்தான். ‘பரிசு’ என்பதில் அந்த ‘சு’ எவ்வளவு அழகாக வந்திருந்தது தெரியுமா? ‘பரிசு’ என்ற சொல்லைப் பார்த்தாலே அவர்களுக்கு ஒரு கௌரவம் வரும் என்று நினைத்தேன். மெடல் மாதிரி. மெடலில் எதற்குக் கொடுத்தது என்று எழுதாமல் கொடுப்பார்களா?

முதல் வாரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்களாம். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அங்கே வருகிறவர்களில் ஆறுச்சாமி என்று ஒருவர். அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். முதுகு வலிக்கென்று ஆரம்பித்து அவருக்கும் இதே கதை. ரொம்பக் கஷ்டப்பட்டு மேலே வந்துகொண்டிருந்தார். அவருக்குச் சீட்டில் ஒரு செட் டிபன் தட்டு விழுந்தது. வீட்டுக்காரம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. புதுத் தட்டு, பளபளவென்று இருக்கிறது, பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார். அந்த வாரமே மூத்த பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கேசரியும் போண்டாவும். புதுத் தட்டில் வைத்துக் கொடுத்தாயிற்று.

அதை ஆறுச்சாமியே கடைக்கு வந்து என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. "மாப்பிள்ளையோட பெரியப்பாதானுங்க மொதல்ல தின்னு முடிச்சாரு. தட்டக் கொஞ்சம் வெளிச்சத்துல சாய்ச்சாரு. சட்டை ஜோப்புல இருந்து கண்ணாடிய எடுத்து மாட்டினாரு. பக்கத்துல இருந்தவருகிட்டக் காட்டினாரு. அவரு தன்ற கேசரிய ஓரமா ஒதுக்கிப் பார்த்தாரு. பொறவு எல்லாருமே ஒதுக்கிப் பார்த்தாங்க. எல்லாத் தட்டுலயும் ஒண்ணேதானுங்களே." மாப்பிள்ளை மட்டும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். அவரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

தட்டுகளை எல்லாம் கல்லா மேசையில் வைத்தார். பாத்திரம் நல்ல பாத்திரம்தான், எழுத்தை மட்டும் அழித்துக் கொடுங்கள் என்று கேட்டார். வெட்டினதை அழிக்க முடியாது, தேய்த்தால் தகடு மெலிந்துபோகும் என்று உண்மையைச் சொன்னேன். வேறு தட்டு மாற்றித் தருகிறேன் என்றேன். அவர் அதற்கு, "வந்துட்டுப் போனவங்களையும் மாத்திக் குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு, தட்டுகளை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

நானும் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டில் புதுத் தட்டு வந்தால் முதலில் சாமி முன்னால் வைப்போம், அப்புறம் வீட்டு ஆட்கள், அப்புறம்தான் விருந்தாளி. அந்தம்மா அப்படிச் செய்திருந்தால் யாராவது ஒருத்தர் கண்ணில் பட்டிருக்கும். அந்தப் பெரியப்பாவுக்கும் என்ன, தின்ற இடத்தில் தட்டைப் படிக்கிற பழக்கம்? இப்படியெல்லாம் நினைப்பேன். அப்புறம் இன்னொன்றும் நினைப்பேன். எழுத்து கொஞ்சம் சின்னதாக இருந்திருந்தால் அவர் கண்ணாடி போட்டும் படித்திருக்க முடியாது. அங்கேதான் நான் தப்புச் செய்துவிட்டேனோ? எழுத்தின் அளவில்?

ஆறுச்சாமி மையத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். மறுபடி மாத்திரை ஆரம்பித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். விஷயம் மற்றவர்களுக்கும் தெரிந்துபோயிற்று. மூத்திரம் கொடுப்பார்களாம், கிண்ணத்தை நீட்டினால் வேண்டாம் என்று கையை எடுத்துக்கொள்வார்களாம். அப்புறம் மூத்திரம் கொடுக்கவும் வரவில்லை. டாக்டரம்மா கடைக்கே வந்து, அண்ணா, பேர் இல்லாமல் கொடுங்கள் என்று கேட்டார். நான் பிடிவாதக்காரன் இல்லை. ‘போதை மீட்புப் பரிசு’ என்ற வரியை எடுத்துவிட்டேன். ‘உபயம்’ மட்டும் போட்டேன், அதுவும் அடியில், சின்னதாக. அதற்கும் அவர் தலையை ஆட்டினார். ஊருக்குள் இப்போது அந்த உபயத்தைப் பார்த்தாலே எங்கே இருந்து வந்த பாத்திரம் என்று தெரிந்துவிடுகிறதாம். கேட்டீர்களா? எங்கள் அப்பா பேர் நோயின் பேர் ஆகிவிட்டதாம். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

இதற்கு நடுவில் நவநீதனுக்குச் சீட்டில் குக்கர் விழுந்தது. அதுவரைக்கும் யாருக்கும் விழாத குக்கர். கையில் கொடுக்கும்போது பின்னால் இருந்த ஒருத்தன், "அப்பன் வெச்ச குக்கர் அப்பன் ஊட்டுக்கே போகுது" என்றானாம். நவநீதன் யார் பையன் என்று அங்கே யாருக்கும் அதுவரை தெரியாது. கடைப் பேர் வெட்டின பாத்திரம் வரவும் விசாரித்துவிட்டார்கள் போலிருக்கிறது. கிண்ணத்திலேயே ஏதோ தில்லுமுல்லு என்றும் பேச்சு. குக்கரை அங்கேயே வைத்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தான்.

மத்தியானம், கடையில் கூட்டம் இல்லை. நான் டப்பாக்களின் அடியில் சின்ன எழுத்து வெட்டிக்கொண்டிருந்தேன். அவனுக்காகத்தான் அவ்வளவு சின்னதாக வெட்டிக்கொண்டிருந்தேன், கண் வலிக்க. பேனாவின் சத்தம் நிற்கும் வரைக்கும் நின்றான்.

"அப்பா, அங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. நம்பர்தான். உள்ள போயிட்டா நான் பொன்னையன் பேரன் இல்ல, உங்க பையன் இல்ல. கிண்ணத்துல கைய விடற ஒரு ஆளு, அவ்வளவுதான். அது எவ்வளவு லேசா இருந்துச்சு தெரியுமா? இப்ப அங்கயும் தாத்தா பேரு வந்து உட்கார்ந்துகிச்சு."

"தாத்தா பேருல என்னடா குறை?" என்றேன்.

"ஒரு குறையும் இல்லீங்கப்பா. அதான்."

அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. குறை இல்லாத பேர் ஒருவனுக்கு எப்படிப் பாரமாகும்? குறை இருந்தால் அல்லவா பாரம்? உங்களுக்கு விளங்கினால் சொல்லுங்கள்.

அந்த வாரம் அவன் மையத்துக்குப் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. முழுக்கைச் சட்டை மறுபடி வந்தது. ஒருநாள் அவனைக் குளியலறைக் கதவை உடைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். பிழைத்ததே பெரிது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும் வசந்தாமணி இரண்டு பெட்டியைக் கட்டினாள். அவள் அக்கா கோயமுத்தூரில் இருக்கிறாள். அங்கேயும் இதே மாதிரி கிண்ணம் வைக்கிற மையம் ஒன்று இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் அங்கேயே போய்விட்டார்கள். நானும் வருகிறேன் என்றேன். "நீங்க கடையப் பாருங்க" என்றாள். அதைச் சண்டையாகச் சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

எங்கள் ஊர் மையத்தில் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்த பாத்திரமெல்லாம் திரும்பி என் கிடங்குக்கே வந்துவிட்டது. பேர் வெட்டின பாத்திரத்தை யார் வாங்குவார்கள்? எடைக்குப் போட மனசு இல்லை. ஒரு தட்டை எடுத்து நானே சாப்பிடுகிறேன். நானே வடித்து, நானே போட்டுக்கொண்டு உட்காருவேன். சோறு குறையக் குறைய எழுத்து மேலே வரும். முதலில் ‘மீட்பு’ தெரியும், நடுவில் இருப்பதால். எழுத்து ஒன்றும் மோசமில்லை.

வசந்தாமணி தினமும் சாயங்காலம் போன் பண்ணுவாள். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்பாள். எனக்குப் பிரஷர் மாத்திரை. அவன் எப்படி இருக்கிறான் என்றால் நன்றாக இருக்கிறான் என்பாள். வரட்டுமா என்றால் இப்போது வேண்டாம் என்பாள். ஒருநாள் வாய் தவறி, சனிக்கிழமை சனிக்கிழமை போகிறான், இந்தத் தடவை ஒரு வாளி விழுந்தது என்று சொல்லிவிட்டாள். இடம் எதுவென்று டாக்டரம்மாவிடம் நயமாகப் பேசித் தெரிந்துகொண்டேன்.

முதல் தடவை போனபோதும் அதே டீக்கடைதான். நவநீதன் வெளியே வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை, பச்சை நிறம். அதைப் பையில் மறைக்கவில்லை. தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே, கூட வந்த ஒருத்தனிடம் என்னமோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனான். அவன் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம். அந்தக் கூடையின் பிடி ஒரு மாதம்கூடத் தாங்காது. அடியிலும் மேலேயும் ஓர் எழுத்து கிடையாது. யார் கொடுத்தார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? யாருக்கு நன்றியோடு இருப்பான்?

அவன் போனபிறகு உள்ளே போனேன். ஒரு சின்னப் பெண் மேசையில் இருந்தாள். ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்டேன். அவள் அப்படியே எழுந்துவிட்டாள். யார் யாரிடமோ கேட்டுப் பார்த்துவிட்டார்களாம். மருந்து வாங்க என்றால் கொடுக்கிறார்களாம், போதைக்காரனுக்கு எதற்குப் பரிசு என்று கேட்கிறார்களாம். அவள் அப்படிச் சொன்னபோது நான் தலையை ஆட்டினேன், அதென்ன ஜனங்களோ என்று. பாத்திரமாகக் கொடுக்கிறேன் என்றேன்.

"ரொம்ப நல்லதுங்க சார். யார் பேர்ல எழுதிக்கட்டும்?"

வாய்வரைக்கும் வந்துவிட்டது. அப்பா பேரைச் சொன்னால் நவநீதனுக்குத் தெரியும். என் பேரைச் சொன்னாலும், தகப்பன் பேர் என்று அவன் இங்கே அதைத்தானே கொடுத்திருப்பான். தெரிந்தால் அடுத்த சனிக்கிழமை வரமாட்டான். வராவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அந்தக் கதவை உடைத்தவன் நான். பேர் வேண்டாம்மா என்றேன். அவள், உங்களுக்குப் பெரிய மனசு சார் என்றாள். பெரிய மனசு என்று என்னை ஒருத்தி சொன்னாள், யாரைச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியாது.

ஊருக்கு வந்து டிபன் டப்பாவாக எடுத்து வைத்தேன். நல்ல கனம், இரண்டு பக்கம் கிளிப். பேர் வெட்டாமல் அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். என் ஆயுளில் முதல் தடவை. ஒவ்வொன்றையும் துடைத்து உள்ளே வைக்கும்போது, பிள்ளையை நெற்றியில் ஒன்றும் இல்லாமல் வெளியே அனுப்புகிற மாதிரி இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி அடுக்கினேன். எல்லாம் முடிந்தது. கடைசியாக ஒன்றே ஒன்று. பேனா மேசையில் பக்கத்திலேயே இருந்தது.

பேர் போடவில்லை. முதல் எழுத்துக்கூடப் போடவில்லை. டப்பாவின் அடியில், வளைவு ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு புள்ளி வைத்தேன். எங்கள் அப்பா எந்தப் பேரை எங்கே வெட்டினாலும் உளியைப் பதம் பார்க்க அந்த இடத்தில்தான் முதல் அடி அடிப்பார். நானும் அங்கே இருந்துதான் தொடங்குவேன். ஒரே ஒரு புள்ளி. அதைப் பார்க்கிறவனுக்குக் கீறல் என்றுதான் தோன்றும். அதை மூடி, மற்ற டப்பாக்களோடு கலந்து வைத்து, லாரி ஆபீஸில் போட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

இன்றைக்குச் சனிக்கிழமை, போனேன். அவன் வெளியே வந்தான். கையில் எங்கள் டப்பா. தூரத்தில் இருந்தே கிளிப்பில் தெரிந்துவிட்டது. இரண்டடி நடந்தான், நின்றான். டப்பாவைத் திருப்பினான். வேறு எவனாக இருந்தாலும் மூடியைத் திறந்து பார்ப்பான், இவன் கடையில் வளர்ந்தவன், அடியைத்தான் பார்ப்பான். அடியைப் பார்த்தான். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் தோள் இறங்கியது, அந்த நிம்மதி ரோட்டுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் தெரிந்தது. அப்படியே போயிருக்கலாம். போகவில்லை. பெருவிரலால் அடியைத் தடவினான். வளைவோடு ஒரு சுற்று தடவினான். விரல் ஓர் இடத்தில் நின்ற மாதிரி இருந்தது.

மாதிரிதான். நடுவில் ஒரு லாரி போயிற்று. லாரி போனபிறகு பார்த்தால் டப்பாவைப் பைக்குள் போட்டுவிட்டு, ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றான். கடப்பதற்குப் பார்த்தானா, யாரையாவது தேடினானா என்று சொல்லத் தெரியவில்லை. நான் தூணோடு ஒட்டிக்கொண்டேன். அது அந்த டப்பாவாகவே இருக்க வேண்டும் என்று என்ன அவசியம்? எத்தனை டப்பா அனுப்பினேன். அவனுக்கு அதுவேதான் விழுந்திருக்குமா? விழுந்திருக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். விழுந்திருந்தால் நன்றாக இருக்கும் என்றும் இருக்கிறது. என்ன மனசு இது?

அடுத்த சனிக்கிழமை அவன் வந்தால்தான் தெரியும். வரவேண்டும். வந்துவிட்டால் போதும், நான் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன். வந்தானா என்று பார்ப்பதற்கு மட்டும் ஒருதடவை போவேன்.

குண்டடம் வந்துவிட்டது, இறங்குங்கள், பையை மறக்காதீர்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு புள்ளி பேர் ஆகுமா? ஆகாது அல்லவா?